யூனிடஸுக்கு ஒரு ஓட்டு

ரீஜிஸ் டோம்ப்ராவ்ஸ்கி காபிக் கோப்பையை மேஜைமேல் ணங்கென்று வைத்தார்.

"இனிமே பொறுக்க முடியாது, மார்லீன். இதுக்கு ஒரு முடிவு கட்டியே ஆகணும்."

"எதுக்கு? பாத்ரூம்ல ஒழுகுற குழாய்க்கா?"

"குழாய் கிடக்குது விடு! எதிர்வீட்டு வின்ஸ் பெட்ரக்காவுக்கு. நேத்து சலூன்ல, ஊரே கேக்குற மாதிரி, மறுபடியும் சொல்றான். உலகத்துலயே பெரிய குவார்ட்டர்பேக் டாம் பிரேடியாம்!"

"அப்படியா? பாவம், முட்டை ஆறுது பாரு."

முட்டையாம், முட்டை! ரீஜிஸுக்கு ரத்தம் கொதித்தது. கொதிக்காமல் என்ன செய்யும்? பிரேடி ஆடிய பாஸ்டன் பக்கம் எவனாவது அப்படிச் சொன்னால் புத்தி அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். பிட்ஸ்பர்கில் பிறந்து, பிட்ஸ்பர்கில் ஞானஸ்நானம் வாங்கி, பிட்ஸ்பர்க் எஃகு ஆலையில் முதுகெலும்பைத் தேய்த்த ஒரு மனிதன் சொல்லலாமா? அந்தப் பிரேடி நம் அணியை எத்தனை வருஷம் எத்தனை ஆட்டத்தில் துவைத்துக் காயப்போட்டவன்! அவனைப் புகழ்வதும், வீட்டில் கன்னம் வைத்தவனுக்கு விருந்து வைப்பதும் ஒன்றுதானே!

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து அணியை நடத்துகிற குவார்ட்டர்பேக் என்றால் ரீஜிஸுக்கு ஒரே ஒருவர்தான். ஜானி யூனிடஸ். எதிரே மாமிச மலைகள் பாய்ந்து வரும்போது, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவசரமே படாமல் நின்று எறிந்த மகாராஜன். இதே ஊர்ப் பிள்ளை. சொந்த ஊர் அணி அவரை ஓர் ஆட்டம்கூட ஆடவிடாமல் அனுப்பியது. அவர் பால்டிமோர் போய்க் கொடி நாட்டினார். ரீஜிஸ் அப்போது தொட்டில் குழந்தை. ஆனாலும் அந்த அநியாயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் அவர் மேஜையைக் குத்துவார்.

இப்படியெல்லாம் அவர் கோபப்படுவது பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான். முன்னறையில் ஜன்னலை அடைத்துக்கொண்டு கிடக்கும் பழுப்பு ரிக்ளைனர் நாற்காலி. பக்கத்துப் பிடியை இழுத்தால் முதுகு சாயும், கால் உயரும். கைப்பிடி கிழிந்து வெள்ளி நிற டேப் ஒட்டியிருந்தது. உள்ளே எந்தக் காலத்துச் சோளப்பொரியோ இருந்தது. அதைத் தூக்கி எறியச் சொல்லி மார்லீன் கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், மாதா கோவிலில் மெழுகுவத்தியும் ஏற்றிப் பார்த்தாள். நாற்காலி அசையவில்லை. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதனுக்கு மிச்சமிருந்த ஒரே சிம்மாசனம் அது. அதை விட்டுக்கொடுப்பாரா?

"தெருவையே கூட்டி ஓட்டெடுப்பு நடத்தப் போறேன்" என்றார் ரீஜிஸ்.

மார்லீன் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினாள். "யாருக்கு அதிக ஓட்டோ அவர்தான் பெரியவரா?"

"ஆமா!"

"வாயால பேசுறது சுலபம், ரீஜ். பந்தயம் கட்டுவியா?"

"என்ன வேணா கட்டுவேன்!"

"அந்த நாற்காலியை?"

ரீஜிஸ் முன்னறைப் பக்கம் எட்டி நாற்காலியைப் பார்த்தார். பிறகு தெருவிலுள்ள முகங்களை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தார். பிரேடிக்கு ஓட்டுப் போடும் துரோகி வின்ஸைத் தவிர யார் இருக்கிறார்கள்?

"கட்டுறேன். பிரேடி ஜெயிச்சா என் நாற்காலியை நானே தூக்கிட்டுப் போய் வின்ஸோட பார்க்கிங் இடத்துல வைக்கிறேன். தோத்தா அவன் யூனிடஸ் சட்டையைப் போட்டுக்கிட்டு ஞாயித்துக்கிழமை பூசைக்கு வரணும்."

சாதாரணப் பேச்சல்ல இது. பிட்ஸ்பர்கின் ஜனவரிப் பனியில், தெருவோரம் முதுகொடிய வாரிச் சுத்தம் செய்த இடத்தில் காரை எடுத்ததும் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனால், அந்த இடம் வாரியவனுடையது. நாற்காலியை வேறு யாரும் தொடமாட்டார்கள். போலீஸ்காரர்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். அந்த வழக்கத்தை மீறிய ஒரு வெளியூர்க்காரனை ரீஜிஸே தெருமுனை வரை துரத்தியிருக்கிறார்.

அந்த வாரம் முழுக்க மார்லீன் வீடு வீடாகப் போய் வந்தாள். கையில் பிஸ்கட் தட்டு.

"எங்க கிளம்பிட்ட?"

"உன் ஓட்டெடுப்பு விஷயமாத்தான். ஆளுங்க வரவேணாமா?"

மனைவி தனக்காகப் பிரசாரம் செய்கிறாள் என்று ரீஜிஸுக்குக் கண் கலங்கியது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் கால்பந்தில் காட்டிய முதல் அக்கறை அல்லவா!

ஞாயிறு மதியம், டிவியில் ஆட்டம் தொடங்கும் முன், முன்னறைக்கு இழுத்துப் போட்ட சாப்பாட்டு மேஜையைச் சுற்றித் தெருக்காரர்கள் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் மார்லீன் செய்த முட்டைக்கோஸ் உருண்டைகளிலிருந்து ஆவி பறந்தது. வின்ஸ் ஏற்கெனவே நாலு சாப்பிட்டிருந்தார். தனிக்கட்டை. வாய்த்த இடத்தில் வயிற்றை நிரப்புகிறவர்.

ரீஜிஸ் ரிக்ளைனரில் சாய்ந்தபடியே பந்தயத்தை எல்லோருக்கும் அறிவித்து, வின்ஸும் தலையாட்டியதும் சபையைத் தொடங்கினார். "என் ஓட்டு ஜானி யூனிடஸுக்கு. அடுத்து?"

"பிரேடி" என்றார் வின்ஸ், வாய் நிறைய. "ஏழு சூப்பர் பவுல் பட்டம். கணக்கு அவ்வளவுதான்."

"கணக்குப் பிள்ளை வந்துட்டாருடா! அவனை மாதிரி இந்தக் காலத்துல ஆடுறது என்ன ஆட்டம்? மேல தூசி பட்டாலே நடுவர் விசில் ஊதுறான். யூனிடஸ் மூக்கு உடைஞ்சு ரத்தம் கொட்டக் கொட்ட ஆடினவர்! சக், நீ சொல்லு."

மூன்றாம் வீட்டு சக் தொண்டையைச் செருமினார். "ரீஜிஸ், யூனிடஸ் பெரிய ஆளுதான். ஆனா டான் மரினோ இதே ஊர்ல எங்க ஓக்லண்ட் பேட்டைப் பையன். நானும் அவரும் ஒரே கோவில்ல ஞானஸ்நானம். அவரை விட்டுட்டு வேற பேரைச் சொன்னா எங்கம்மா கல்லறையிலேருந்து எழுந்து வருவா."

"மரினோவா! ஒரு சூப்பர் பவுல்கூட ஜெயிக்கலையே!"

"அதுக்கு அவர் என்ன பண்ணுவார்? கூட ஆடினவங்க சரியில்ல."

"சரி, ஒழி. லியோனா, நீ யூனிடஸ்தானே?"

வின்ஸின் பக்கத்து வீட்டு லியோனா கைத்துணியால் உதட்டை ஒற்றிக்கொண்டாள். "நான் மொனொங்கஹேலாக்காரி, ரீஜிஸ். ஜோ மொன்டானா எங்க ஊர்ப்பக்கம் வளர்ந்த புள்ள. நாலு தடவை சூப்பர் பவுல் ஆடி, நாலையும் ஜெயிச்சவரு. மார்லீன் அன்னிக்கு வந்து, 'மொன்டானா உங்க ஊர்தானே, அவரை யாருமே சொல்ல மாட்டேங்கறாங்களே'ன்னு வருத்தப்பட்டப்பதான் எனக்கே உறைச்சது."

ரீஜிஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் உருண்டைகளுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பெர்னடின்! நீயாவது..."

"பீவர் ஃபால்ஸ்ல பிறந்தவகிட்ட வந்து இதைக் கேக்கறியே!" என்றாள் தெருக்கோடி வீட்டு பெர்னடின். "எங்க ஊர் ஜோ நேமத். பேச்சுக்கே இடமில்ல. மார்லீன்கூடச் சொன்னா..."

"மார்லீன் சொன்னாளா!" ரீஜிஸ் துள்ளி எழுந்தார். "இது என்ன ஓட்டெடுப்பா, ஊர்த் திருவிழாவா? ஆளாளுக்கு அவங்கவங்க ஊர்ச் சாமியைத் தூக்கிட்டு வந்தா எப்படி? அறிவைப் பயன்படுத்த வேணாமா?"

"நீ மட்டும் எந்த ஊர்க்காரனுக்குப் போட்ட?" என்றார் சக்.

ரீஜிஸ் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் மனம் வேகமாகக் கூட்டிக் கழித்தது. யூனிடஸுக்கு ஒன்று, பிரேடிக்கு ஒன்று, மற்றவர்களுக்கும் தலைக்கு ஒன்று. எல்லாம் சமம். மிச்சம் ஒரே ஓட்டு. இன்னும் ஒன்று கிடைத்தால் ஜானி யூனிடஸ் ஜெயித்தார்! அந்த ஓட்டு யார் கையில்? அவருடைய சட்டைக்கு இஸ்திரி போடுகிறவள் கையில்.

ரீஜிஸின் நெஞ்சு நிமிர்ந்தது. "மார்லீன், கண்ணு. நீ சொல்லு. எல்லாரும் நல்லாக் கேளுங்க."

மார்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள். "பிரேடி."

"என்னது?"

"பிரேடிதான். பார்க்க லட்சணமா இருக்கான்."

"லட்சணமா! அடியே, நாம என்ன மாப்பிள்ளையா பார்க்கறோம்? அவன் பந்து எறிஞ்சு ஒரு தடவையாவது பார்த்திருக்கியா?"

"எங்க பார்க்கறது? டிவிக்கும் எனக்கும் நடுவுலதான் உன் நாற்காலி கிடக்கே!"

சபை கரகோஷம் செய்தது. பந்தயம் பந்தயம்தான் என்றார் சக். அப்படியே எழுந்து ஓடிவிடலாமா என்று ரீஜிஸுக்குத் தோன்றியது. அத்தனை பேர் முன்னிலையில் சொன்ன சொல்லாயிற்றே! அவரும் சக்குமாக ரிக்ளைனரைத் தூக்கி, வாசற்படியில் இடித்து, பனியில் சறுக்கி, வின்ஸ் வாரி வைத்திருந்த இடத்தில் இறக்கினார்கள்.

மறுநாள் காலை முன்னறையில் வெளிச்சம் அநியாயத்துக்கு அடித்தது. மார்லீன் புதுத் திரைச்சீலைக்கு அளவெடுத்தபடி பாட்டு முணுமுணுத்தாள். ரீஜிஸால் தாங்க முடியவில்லை. வின்ஸின் கார் தெருவில் இல்லை. இதுதான் சமயம் என்று கோட்டை மாட்டிக்கொண்டு போய், தன் நாற்காலியின் கைப்பிடியில் கை வைத்தார்.

மேலே ஒரு ஜன்னல் படாரென்று திறந்தது. "ரீஜிஸ்! அது வின்ஸோட பார்க்கிங் நாற்காலி!" என்று லியோனா அலறினாள். "நீயே தொடலாமா?"

நெருப்பைத் தொட்டதுபோல் அவர் கையை எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வின்ஸ் காரில் வந்து, தெருவை அடைத்தபடி நிறுத்தி, இறங்கினார். நேராக வந்து ரிக்ளைனரில் உட்கார்ந்தார். பிடியை இழுத்தார். கால் உயர்ந்தது.

"ஆகா. வீட்ல ஒரே மரநாற்காலிடா. இடுப்பு செத்துப்போச்சு. சக் வந்ததும் உள்ள தூக்கிட்டுப் போயிடுவேன்."

"இந்தப் பாவம் உன்னைச் சும்மா விடாது, வின்ஸ். மனசாட்சியைத் தொட்டுச் சொல்லு. பிரேடியா பெரியவன்?"

வின்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கென்ன பைத்தியமா? யூனிடஸ்தான் பெரியவர்னு பச்சக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அக்டோபர்லேருந்து பிரேடி பிரேடின்னு கத்தச் சொன்னது உன் பொண்டாட்டி, அதுக்குக் கூலிதான் இந்த நாற்காலி."