முப்பது மீட்டர் சார்

சிங்கப்பூரில் ஒழுங்காகக் கோபப்படத் தெரிந்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். மற்றவர்கள் படுவதெல்லாம் வெறும் எரிச்சல். பஸ் வரவில்லை, லிஃப்ட் பழுது, டீயில் சீனி கூடிவிட்டது என்று முணுமுணுத்துவிட்டு அதற்குக் கோபம் என்று பேர் வைத்துக்கொள்கிறோம். எங்கள் முப்பது மீட்டர் சாரைப் பார்த்திருந்தால் நீங்கள் அந்தச் சொல்லை அப்படி வீணாக்கமாட்டீர்கள்.

எழுபதுகளின் கடைசியில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் மசாலா அரைக்கும் கடை ஒன்றின் மாடியில் இருந்த நில அளவை அலுவலகத்தில் நான் டிரேசராகச் சேர்ந்தேன். மற்றவர்கள் பென்சிலில் போட்ட வரைபடத்தை மெல்லிய தாளில் மையால் வரைவது என் வேலை. சார் அங்கே தலைமை சர்வேயர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கஞ்சி போட்ட சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி, எப்போதும் யாரையோ திட்டி முடித்த முகம். கீழே மிளகாய் அரைக்கும் நாட்களில் மாடியே தும்மும். அவர் மட்டும் தும்மமாட்டார். தும்மலுக்கே அவரிடம் பயம் என்று பியூன் சொல்வார்.

வரைபடங்கள் விரித்த தன் மேசையைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். கோப்பிக் குவளையோடு யாரும் அதைத் தாண்டக்கூடாது. ஒரு நாள் முதலாளியே மறந்துபோய்த் தாண்டிவிட்டார். "அங்கால நில்லும்!" என்று சார் போட்ட சத்தத்தில் முதலாளி கோட்டுக்கு அங்கால போய் நின்றதோடு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். நான் புதுசு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"கப் தூரமாத்தானே சார் இருக்கு? அதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்?"

"கோப்பி தளம்பும், பிள்ளை. அது இப்ப எங்க நிக்குது எண்டு அளந்து பிரயோசனமில்லை. எதுவரைக்கும் வரும் எண்டுதான் அளக்கவேணும். விளங்குதோ?"

விளங்கவில்லை. மூன்று நான்கு வருடம் கழித்துக் கிராஞ்சி வேலை வந்தபோதுதான் விளங்கியது.

கிராஞ்சியில் கடலோரமாக ஒரு தவுக்கே, பணக்காரச் சீன வியாபாரி, நிலம் வாங்கியிருந்தார். கிடங்கு, கடைகள், கடல் உணவு ரெஸ்டாரன்ட் எல்லாம் ஒரே வளாகத்தில் கட்டப் போவதாகத் திட்டம். நிலத்தின் ஓரத்தில் சதுப்புநிலக் காடு. சார் அதைக் கண்டல் என்பார். அந்தக் காட்டின் விளிம்பிலிருந்து முப்பது மீட்டருக்கு ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது என்பது அனுமதியில் இருந்த நிபந்தனை. அந்தக் கோட்டை வரைபடத்தில் போட்டுக் கையெழுத்திட வேண்டியவர் எங்கள் சார். அவர் கையெழுத்து இல்லாமல் வரைபடம் செல்லாது.

தவுக்கேயின் மேனேஜர் பன்னீர்செல்வம் நம்ம ஆள்தான். சட்டைப்பையில் மூன்று பேனா, நெற்றியில் பட்டை, வாயில் சதா ஒரு சிரிப்பு. அலுவலகத்துக்கு வந்து சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே பவ்யமாக நின்றார்.

"சார், முப்பது ரொம்ப ஜாஸ்தி லா. ஒரு பத்துக்கு அட்ஜஸ்ட் பண்ணிடுங்க. யாரு சார் டேப்பை எடுத்துக்கிட்டு அந்தச் சேத்துல இறங்கப் போறா?"

"அட்ஜஸ்ட் பண்ணுறதுக்கு இதென்ன ரேடியோவோ?" என்று ஆரம்பித்தார் சார். அடுத்த கால் மணி நேரம் கீழே மசாலா மெஷின் ஓடியதே எங்களுக்குக் கேட்கவில்லை. முப்பது மீட்டர், முப்பது மீட்டர் என்று அன்று அவர் கத்தியதில்தான் அந்தப் பெயர் அவருக்கு வந்தது. அவருடைய சொந்தப் பெயர் அதற்குப் பிறகு சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

பன்னீர்செல்வம் சிரித்துக்கொண்டே போனார். அப்படிச் சிரித்துக்கொண்டே போகிறவர்களை நம்பக்கூடாது. புனித வெள்ளியன்று, நான் கோவிலில் முழந்தாளிட்டிருந்த நேரத்தில், கிராஞ்சிக்கு லாரியில் ஆட்களை அனுப்பிக் காட்டின் முன்வரிசை மரங்களையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டார். அடுத்த வாரம் அதே சிரிப்போடு திரும்பி வந்தார்.

"சார், நீங்க சொன்ன மாதிரியே முப்பது போட்டுக்குங்க. காட்டோட விளிம்பு இப்ப உள்ளே போயிருச்சு. அங்கேருந்து அளங்க. ரூல் ரூல்தானே?"

எண்ணைத் தொடவில்லையாம், காட்டை மட்டும் நகர்த்திவிட்டாராம்! இத்தனை வருடங்களில் எத்தனையோ அயோக்கியத்தனங்களைப் பார்த்துவிட்டேன். இவ்வளவு சுத்தமாகக் கை கழுவிக்கொண்டு செய்ததை வேறெங்கும் பார்க்கவில்லை.

சார் கத்தவில்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, பஸ் முடிகிற இடத்திலிருந்து யாருடைய காய்கறி லாரியிலோ தொற்றிக்கொண்டு கிராஞ்சிக்குப் போனார். சேற்றில் வெட்டுப்பட்டு நின்ற அடிக்கட்டைகளிலிருந்து அளந்து, சிவப்பு வர்ணம் அடித்த முளைகளை வரிசையாக அடித்துவிட்டு வந்தார். பன்னீர்செல்வத்தின் ஆட்கள் பிடுங்கினார்கள். மறுபடி போய் அடித்தார். மறுபடி பிடுங்கினார்கள். அலுவலகத்தில் சிவப்பு வர்ணம் தீர்ந்துபோய், கடைசியில் என் குங்கும நிற நகச்சாயத்தைக் கேட்டு வாங்கிப் போனார். குப்பியைத் திருப்பித் தரும்போது, "தரம் சரியில்லை, தண்ணியில உரியுது" என்று அதற்கும் எனக்குத் திட்டு.

முதலாளி அவரைக் கூப்பிட்டுப் பேசினார். புதிய விளிம்பை வைத்துக் கையெழுத்துப் போட்டால் வேலை, இல்லாவிட்டால் வீடு. சாருக்கு ஓய்வுபெறச் சில வருடங்களே இருந்தன. மகள் லண்டனில் படித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவும் தெரிந்துதான் முதலாளி அதைக் கேட்டார்.

இதற்கிடையில் பன்னீர்செல்வம் பூமி பூஜைக்குப் பஞ்சாங்கம் பார்த்தார். பௌர்ணமி, காலை பதினொரு மணி, அருமையான நேரமாம். பூஜை போட வேண்டிய இடம் ஈசானிய மூலை. அந்த நிலத்துக்கு வடக்கே கடல், கிழக்கே ஓடை. ஈசானிய மூலை சரியாக மரம் வெட்டிய சேற்றில் போய் விழுந்தது. பலகை போட்டு, மேலே பந்தல் போட்டு, தவுக்கேயின் காரையும் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதலாளி எங்களையும் வேனில் அழைத்துப் போயிருந்தார். சார் தன்னுடைய சிவப்பு முளைக்குப் பின்னால் குடையோடு நின்றுகொண்டார்.

"பன்னீர்செல்வம்! இண்டைக்குப் பௌர்ணமி. உச்சிக்கு முன்னம் தண்ணி ஏறும். சாமானைத் தூக்கிக்கொண்டு இங்கால வாரும்!"

"சார், நல்ல காரியம் நடக்குது. கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு நில்லுங்க, ப்ளீஸ்."

ஐயர் ஓமகுண்டத்தின் முன் உட்கார்ந்து சங்கல்பத்தைத் தொடங்கினார். முதலில் பலகைக்கு அடியில் ஏதோ களக்களக் என்றது. பிறகு பூத்தட்டு மெல்ல நகர்ந்தது. ஐயர் அதை இழுத்து வைத்துக்கொண்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். அடுத்து தேங்காய் புறப்பட்டது. அதன் பின்னால் வாழைப்பழச் சீப்பு, அதற்கும் பின்னால் தவுக்கேயின் இடது கால் செருப்பு. "ஆயர் டாரி மானா?" என்று தவுக்கே மலாயில் அலறினார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறார், கடலோரத்தில் நிலம் வாங்கிய மனிதர்! கார் உறுமிப் பார்த்து, சேற்றில் இன்னும் கொஞ்சம் இறங்கி, ஓய்ந்தது. பன்னீர்செல்வத்தின் சிரிப்பை அன்றுதான் காணோம்.

நாங்கள் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. கால்சட்டையைக்கூட மடிக்காமல் தண்ணீருக்குள் இறங்கினார். வயதான ஐயரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"காலை ஆட்டாதையும், ஐயா! விழுந்தா ரெண்டு பேரும் போவம்!"

"அக்னி அணைஞ்சு போச்சே, ஓய்!"

"அணையட்டும்! உங்களை ஆர் தண்ணிக்குள்ள நெருப்பு வளர்க்கச் சொன்னது?"

ஐயரைச் சிவப்பு முளைக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டார். அந்த இடத்தில் தரை காய்ந்திருந்தது. முளைக்கு ஒரு முழம் முன்னால் வந்து தண்ணீர் நின்றுவிட்டது.

இதோடு அவர்களுக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? ஒரு வாரத்தில் லாரி லாரியாகச் செம்மண்ணைக் கொட்ட ஆரம்பித்தார்கள். தண்ணீர் வருகிறதா, மேடாக்கு. அவ்வளவுதான் அவர்கள் கற்ற பாடம். சார் அன்றே பழைய விளிம்பிலிருந்து முப்பது மீட்டர் போட்டு வரைபடத்தை முடித்து, நான் மையால் வரைந்ததும் கையெழுத்திட்டு, தானே அரசாங்க அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். கவுன்டரில் அவர் போட்ட சத்தத்தில் மூன்றாம் மாடியிலிருந்து அதிகாரிகள் இறங்கி வந்தார்களாம். சாயங்காலத்துக்குள் அவர் வேலை போய்விட்டது.

அதிகாரிகள் நிலத்தைப் பார்த்தார்கள். மண்ணை அள்ளச் சொன்னார்கள், ஆனால் பாதியை. இரண்டு பக்கமும் மனம் நோகாமல் முப்பதைப் பதினைந்தாக்கி முடித்துவைத்தார்கள். எல்லாரும் நியாயம் என்றார்கள். ஒரு மனிதரின் வேலை முழுசாகப் போனது, காடு மட்டும் பாதி கிடைத்தது. இதில் எங்கே நியாயம் இருக்கிறது?

சில வருடங்கள் கழித்து சார் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராஞ்சிக்குப் போய்ப் பார்த்தேன். மண்ணை அள்ளிய இடத்தில் ஒருவரும் நடாமலே கன்றுகள் முளைத்திருந்தன. தண்ணீர் கொண்டுவந்து போட்ட விதைகள். பதினைந்தைத் தாண்டி, ரெஸ்டாரன்ட்டின் வேலிக்குள்ளும் போயிருந்தன.

கட்டிலில் சார் பாதியாக இளைத்துக் கிடந்தார். பேசுவதே இல்லை என்றாள் மகள். காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னேன். கண்ணைத் திறந்தார்.

"எத்தனை மீட்டர் உள்ள வந்திட்டுது?"

"அளக்கல சார். சும்மா பார்த்துட்டு வந்தேன்."

"அளக்காம வந்தனீரோ? இத்தனை வருசம் என்னோட வேலை செய்து, டேப் இல்லாமப் போனனீரோ?" என்று எழுந்து உட்கார்ந்தே விட்டார். நர்ஸ் ஓடி வந்தாள். மகள் வாயில் கை வைத்துக்கொண்டு அழுதாள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தைகூடத் தவறவிடாமல், அந்தத் திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டேன்.