நூறாவது புத்தகம்

படிப்பவர்கள் உண்டு, படிக்காதவர்கள் உண்டு, படிக்காமலே படித்ததாகச் சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. இந்த மூன்றிலும் சேராத நான்காவது இனம் ஒன்று இருக்கிறது: படித்ததைக் குறித்து வைப்பவர். உங்களுக்கு இவரைத் தெரியும். புத்தாண்டு அன்று காலை வாழ்த்துக்குப் பதிலாக உங்கள் கைபேசிக்கு ஒரு பட்டியல் வந்ததே, சென்ற ஆண்டு படித்தவை இத்தனை, கேட்டவை இத்தனை மணி இத்தனை நிமிடம், சிறந்தவை பத்து, தவிர்க்க வேண்டியவை ஐந்து என்று? அனுப்பினாரே, அவரேதான்.

என் கீழ்வீட்டுக்காரர் இந்த இனத்தில் தலைசிறந்தவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். காலை பத்து மணியிலிருந்து ஊரார் மூக்கின்மேல் கனத்த சட்டமொன்றை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இதுல தெளிவா இருக்கா, இல்ல இதுலயா?" என்று கேட்டு, தெரியாத எழுத்தையெல்லாம் தெரிய வைக்கும் உத்தியோகம். ஆண்டுக்கு நூறு புத்தகம் என்பது அவர் சபதம். அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் நூறு சார். முகத்துக்கு நேராகச் சொல்லும்போது வெறும் சார்.

அவருடைய நோட்டை நீங்கள் பார்க்க வேண்டும். கெட்டி அட்டை, சிவப்பு முதுகு. வரிசை எண், தலைப்பு, பக்கம், தொடங்கிய நாள், முடித்த நாள், நட்சத்திரம், கருத்து என ஏழு கட்டம். அந்தக் கட்டங்களை அடிக்கோல் வைத்துப் போடுவதற்கே ஜனவரியில் ஒரு வாரம் போய்விடும். அந்த வாரத்தில் அவர் எதையும் படிப்பதில்லை. கேட்பதற்குத் தனி நோட்டு. அது பச்சை. பாட்டு, சொற்பொழிவு, ஒலிப்புத்தகம் எதுவாக இருந்தாலும் ஒன்றே முக்கால் மடங்கு வேகத்தில் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. அந்த வேகத்தில் சோகப் பாட்டும் கல்யாண ஊர்வலம்போல ஓடும் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. நம்மைப்போன்ற சாதாரண மனிதர்கள் சாதாரண வேகத்தில் பேசினால், பாவம், அவருக்கு மூச்சு முட்டிவிடும். வேகவேகமாகத் தலையாட்டுவார். நம்மையும் ஓட்டிவிட ஒரு பொத்தான் இல்லையே என்ற ஏக்கம் அந்தத் தலையாட்டலில் தெரியும்.

சட்டதிட்டங்களும் உண்டு. பாதியில் விட்டது கணக்கில் வராது. இரண்டாம் முறை படித்தது வராது. புதிதாக வாங்கிய துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டு, ஆசிரியர் பெயர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைச் சேர்க்காமல் விட்டவர். நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்கிறவர். நாள் முழுக்க ஊராரின் பதற்றத்தைக் காதில் வாங்கி, உரிய டாக்டரிடம் கொண்டு சேர்ப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கணவரிடம் பேச முயல்வார்.

"என்னங்க, ஒரு விஷயம்."

சார் வலது காதிலிருந்து இயர்போனைக் கழற்றுவார். இடது காதில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

"என்ன சொன்ன? மறுபடி சொல்லு."

"ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்றேன்."

"சரி சரி." வலது காதும் மூடிக்கொள்ளும்.

இப்படிச் சில வருஷங்கள். குடும்பத்தில் சண்டை கிடையாது. சண்டை போட இரண்டு பேருக்கும் காது வேண்டுமே.

போன டிசம்பருக்கு வருவோம். இந்த இனத்துக்கு டிசம்பர் என்பது ஓட்டப்பந்தயத்தின் கடைசி வளைவு. அந்த மாதத்தில் அவர்கள் புத்தகத்தைத் தலைப்பைப் பார்த்து எடுப்பதில்லை, முதுகைப் பார்த்து எடுப்பார்கள். ஒல்லியாக இருக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருந்தால் நல்லது, நடுவில் படமும் இருந்தால் உத்தமம். சார் இப்படியாக முயல் கதை, மூச்சுப்பயிற்சி, மொட்டைமாடித் தோட்டம் என்று ஏறி, முப்பத்தோராம் தேதி காலையில் தொண்ணூற்றொன்பதில் நின்றார். வீட்டில் ஒல்லியாக எதுவும் மிச்சமில்லை. அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தவரிடம் மனைவி ஒரு புத்தகத்தை நீட்டினார்.

"இத வேணா படிச்சுப் பாருங்க."

"எத்தனை பக்கம்?"

"எண்பத்தெட்டு."

"மகராசி நீ!"

தலைப்பு: மறுபடி சொல்லு. எழுதியவர் யாரோ ஒரு புனைபெயர். கேள்விப்படாத சிறு பதிப்பகம். சார் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கண் பரிசோதனையில் சிலருக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்பாவை விரியும்வரை அரைமணி நேரம் உட்காரவைப்பார்கள் அல்லவா? அன்றைக்கு அந்தக் கடைக்கு வந்தவர்களில் வழக்கத்தைவிட நிறையப் பேருக்குச் சொட்டு மருந்து தேவைப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க, கண்ணைத் திறந்துகொண்டு சார் பக்கம் புரட்டினார். நான்கு மணிக்கு நூறு. நோட்டில் ஏறியது இதுதான்: "நூறு. சிறுநாவல். ஒன்றரை நட்சத்திரம். நடை பரவாயில்லை. கணவன் பாத்திரம் நம்பும்படி இல்லை."

வீட்டுக்குக் கேக் வாங்கிக்கொண்டு வந்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்றார் மனைவி.

"முடிஞ்சிருச்சு!"

"முடிஞ்சது தெரியுது. எப்படி இருந்துச்சு?"

"ஒன்றரை."

மனைவி கேக்கை வெட்டப் போனார். கல்லூரியில் படிக்கும் மகள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தன் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆண்டின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு நூலகத்தில் வாசகர் வட்டம் கூடும். பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி, எல்லோர் கையிலும் காகிதக் கோப்பையில் தேநீர். நானும் இருந்தேன். சார் எழுந்து சிவப்பு நோட்டை விரித்தார். சிறந்தவை பத்து முடிந்து, தவிர்க்க வேண்டியவை ஐந்துக்கு வந்தார். முதலிடம்: மறுபடி சொல்லு.

நூலகர் அம்மாவுக்குச் சுருக்கென்றது. "என்ன சார் இப்படிச் சொல்றீங்க? நான் அத மூணு தடவை படிச்சேன்."

"நீங்களே சொல்லுங்கம்மா. ஒரே வீடு. பொண்டாட்டி ரெண்டு வருஷமா சாப்பாட்டு மேசைல உக்காந்து புத்தகம் எழுதுறா. எதிர்ல உக்காந்திருக்கிற புருஷனுக்கு அது தெரியல. உலகத்துல இப்படி ஒரு ஆள் இருப்பானா?"

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது வரிசையிலிருந்து அவர் மனைவி கேட்டார். "கடைசிலயாவது அவனுக்குத் தெரிய வருதா?"

"எங்க? கடைசி வரைக்கும் தெரியாது. அதத்தான் நான் நம்ப முடியலங்கிறேன்."

"எனக்கும் அந்த இடத்துல ஒரு சந்தேகம் இருந்துச்சு. தெரிஞ்ச மாதிரி ரெண்டு தடவை மாத்தி எழுதிப் பார்த்தேன். பொய்யா இருந்துச்சு. பழையபடியே விட்டுட்டேன்."

பின்வரிசையில் ஒருத்தி மட்டும் கைதட்டினாள். மகள். அந்தப் புத்தகத்தைக் கணினியில் அடித்துக் கொடுத்தவள் அவள்தான் என்பது எங்களுக்குப் பிறகு தெரிந்தது. நூலகர் அம்மா ஓடிப்போய்ச் சார் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டோம். சார் நோட்டை விரித்தபடியே நின்றிருந்தார். அவரிடம் யாரும் போகவில்லை.

வீட்டுக்குப் போய் அவர் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? மன்னிப்புக் கேட்டிருப்பாரா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஒன்றரையை அடித்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டார். போட்டதோடு நிற்காமல் மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினார். மிச்சத்தை மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"எதுக்கு அஞ்சு?"

"ரொம்ப நல்லா எழுதியிருக்க."

"எது நல்லா இருக்கு?"

"எல்லாமேதான்."

"நாப்பதாம் பக்கத்துல அவ எதுக்கு அழறா?"

சார் யோசித்தார். கூரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அவ அழறாளா?"

அம்மாள் துவைத்த துணிகளை மடித்துவைக்கப் போய்விட்டார். சார் ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து பிரித்தார். எண்பத்தெட்டு பக்கத்தை ஒரு மத்தியானத்தில் முடித்தவருக்கு நாற்பதாம் பக்கம் வரவே மூன்று நாள் ஆயிற்று. அங்கே வந்ததும் நின்றுவிட்டார். கதையில் அந்தப் பெண்ணுக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. ஆஸ்பத்திரியில் சதைத்துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்து கணவனிடம் சொல்கிறாள். அவன் ஒரு காதைத் திறந்து, மறுபடி சொல்லு என்கிறான். அவளால் அதை இரண்டாம் முறை சொல்ல முடியவில்லை. முடிவு வர ஒன்பது நாள். ஒன்பது நாளும் சமைக்கிறாள், வேலைக்குப் போகிறாள், பேருந்தில் வரும்போது மட்டும் அழுகிறாள்.

சார் புத்தகத்தோடு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"இது கதைதானே?"

அம்மாள் அடுப்பைத் தணித்தார். "ஒண்ணும் இல்லைன்னு வந்துருச்சு. சாதாரணக் கொழுப்புக் கட்டி."

"என்கிட்ட நீ சொன்னது எப்போ?"

சொன்னார். வருஷம், மாதம், தேதி. ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தேதி மறக்காது. சார் அலமாரிக்குப் போய் அந்த வருஷத்துப் பச்சை நோட்டைத் தேடி எடுத்தார். துல்லியமான மனிதர் அல்லவா, அந்த நாளும் அதில் இருந்தது. "தூரக் கடலில் திமிங்கிலங்கள் ஒன்றையொன்று கேட்பது எப்படி. சொற்பொழிவு. ஐம்பத்திரண்டு நிமிடம். நான்கு நட்சத்திரம்."

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அப்பா அழுது அவள் பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்றாள் மகள். அம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எதையும் மறுபடி சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

புத்தகத்தை முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. இரண்டாம் முறை படித்தது என்பதால், சட்டப்படி அது கணக்கில் வராது. அவர் சேர்க்கவுமில்லை. இதோ மார்ச் முடியப்போகிறது, சாருக்கு இந்த ஆண்டு இதுவரை ஆறே புத்தகம். வாசகர் வட்டத்தில் அவர் உடல்நிலையைப்பற்றி விசாரிக்கிறார்கள். மாலையில் அம்மாள் பேசினால் இரண்டு இயர்போனையும் கழற்றி மேசைமேல் வைத்துவிடுகிறார். "வேகமா தலையாட்டாதீங்க" என்று மட்டும் அவ்வப்போது திருத்த வேண்டியிருக்கிறதாம்.

முழுக்கத் திருந்திவிட்டார் என்று முடித்து உங்களை ஏமாற்ற மாட்டேன். அம்மாள் அடுத்த நாவலைத் தொடங்கியிருக்கிறார். போன வாரம் அவர் எதிரில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருந்தார். சார் கவனித்துவிட்டார்.

"புதுசா?"

"ம்."

"எத்தனை பக்கம் வரும்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு, அம்மாள் நிமிர்ந்து பார்த்த பார்வையில், "கேக்கல, நான் எதுவும் கேக்கல" என்று எழுந்தே போய்விட்டாராம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நூறு சாரைப்போல உங்களிடம் சிவப்பு நோட்டு இல்லை, பச்சை நோட்டு இல்லை, நட்சத்திரம் போடும் பழக்கமும் இல்லை. சரி. ஆனால் இதை நீங்கள் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து யாரோ இரண்டு தடவை கூப்பிட்டார்களே, நீங்களும் தலையை நிமிர்த்தாமல் "இதோ முடிச்சிட்டு வர்றேன்" என்றீர்களே? முடிந்துவிட்டது. எழுந்து போய் என்னவென்று கேளுங்கள்.