கேரவனில் நாலாவது விளக்கு

மூன்றாவது விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

கேரவனின் சமையல் மேடைக்கு மேலே சுவரில் நாலு சின்ன விளக்குகள். கழிப்பறைக்கு அடியில் இருக்கும் கழிவுத் தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்வது அவற்றின் வேலை. நாலும் எரிந்தால் வாய்வரை வந்துவிட்டதென்று அர்த்தம். போன மாதம்தான் பாலகுமார் லாரி வரவழைத்து ரகசியமாகக் காலி செய்திருந்தான்.

"ஒரே ஆளு. அதுவும் வாரத்துல மூணே நாளு. எப்படி நிரம்பும்?" என்று விளக்கிடமே கேட்டான். பேச்சுத் துணைக்கு அவனுக்கு வேறு யாரும் இல்லை.

வேலை போய்ப் பதினோரு வாரம். மனைவி ஸ்ரீரஞ்சனிக்குத் தெரியாது. அவனுக்குத் திங்கள், புதன், வெள்ளி ஆபீஸ்; அவளுக்குச் செவ்வாய், வியாழன். ஒருவர் போனால் மற்றவர் வீட்டிலிருந்து வேலை பார்த்தபடி மகளைக் கவனிப்பது ஏற்பாடு. ஆகவே அந்த மூன்று நாளும் அவன் இஸ்திரி போட்ட சட்டையோடு, அட்டை இல்லாத ஐடி கார்டு கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே அத்திபெலேயில் ஒரு வாடகை ஷெட்டில் நிற்கும் சொந்தக் கேரவனுக்கு வந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தான். நல்ல நாளில் இருவரும் ஆசையாக வாங்கிய வண்டி. இப்போது அதிலிருந்து விண்ணப்பங்கள் அனுப்பினான். பதில் வரவில்லை. சில மத்தியானங்களில் அழுகைதான் வந்தது.

"மேடத்துக்கு இது தெரியவே கூடாது" என்று வாட்ச்மேன் இராஜமாணிக்கத்திடம் முதல் நாளே சத்தியம் வாங்கியிருந்தான்.

"எனக்கெதுக்கு சார் வம்பு. நான் வாயே தொறக்க மாட்டேன்" என்று அவர் கையடித்துக் கொடுத்தார்.

வரும் சனிக்கிழமை மகள் கிருத்திகாவின் பிறந்தநாள். கேரவனில் ஏற்காடு போக வேண்டுமென்று பிடிவாதம்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. வண்டி வேணாமே" என்றான் பாலகுமார்.

"ஆமாங்க, பேசாம ஓட்டல்ல கேக் வெட்டிக்கலாம்" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் இருவரும் அவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. கிருத்திகா சாப்பிடாமல் அழுததில் இருவருமே தோற்றார்கள்.

ஸ்ரீரஞ்சனி மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பவள். வண்டிக்குள் ஏறியதும் விளக்கைப் பார்ப்பாள். மாசக்கணக்கில் சும்மா நின்ற வண்டியில் தொட்டி எப்படி நிரம்பியது என்று கேட்டால் மாட்டிக்கொள்வான்.

திங்களன்று கழிப்பறையில் ஊற்றும் தண்ணீரைக் குறைத்தான். தண்ணீர்ப் பஞ்சத்தில் அடுக்குமாடிச் சங்கம் கற்றுக்கொடுத்த பழக்கம்: ஒரு தடவைக்கு அரை மக். அதோடு கழிவைக் கரைக்கும் பாக்டீரியாப் பொடி ஒரு பாக்கெட் போட்டான்.

புதனன்று கதவைத் திறந்ததும் பினாயில் நெடி. நாலாவது விளக்கும் எரிந்தது.

"இராஜமாணிக்கம்! உள்ள பினாயில் ஊத்துனீங்களா? நான் போட்ட பாக்டீரியா எல்லாம் செத்துப்போச்சே!"

"நான் உள்ள கால் வெச்சதே இல்ல சார்" என்றவர், அவசரமாக கேட்டைப் பூட்டப் போனார். கேட் ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது.

இணையத்தில் தேடினான். தண்ணீரைக் குறைத்தால் கழிவு காய்ந்து கட்டியாகிவிடுமாம். ஐஸ் கட்டியும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு வண்டியை ஓட்டினால் குலுங்கிக் கரையுமாம். போட்டான். ஓசூர்வரை போய், ஒரு வேகத்தடையையும் விடாமல் ஏறி இறங்கித் திரும்பினான். கழிப்பறையைத் திறந்தால் நுரை முழங்கால் உயரத்துக்குப் பொங்கி நின்றது. நாலு விளக்கும் அணையவில்லை.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் வண்டிக்கு அடியில் படுத்து, வாளியை வைத்து வால்வைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினான். அப்போதும் வரவில்லை. இன்னொரு முறை, சற்றுக் கோபமாகக் குத்தினான்.

வந்தது. வாளிக்குத்தான் வரவில்லை.

இராஜமாணிக்கம் ஓஸ் பைப்பைக் கொண்டுவந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, எட்ட நின்றே அவன்மேல் தண்ணீர் அடித்தார். இஸ்திரிச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. கழுத்துக் கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. பதினோரு வாரமாக அடக்கி வைத்ததெல்லாம் பாலகுமாருக்கு வாய்வரை வந்துவிட்டது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்தான்.

"முடியல இராஜமாணிக்கம். இன்னிக்கு வீட்டுக்குப் போய் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். வெறுத்தாலும் வெறுக்கட்டும்."

"சொல்லிடுங்க சார். அதான் நல்லது" என்றார் அவர், தன் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியவர் மாதிரி.

"முதல்ல அந்த செப்டிக் டேங்க் லாரிக்குப் போன் போடுங்க."

"அது வந்துட்டே இருக்கு சார். சந்தாபுரா தாண்டிடுச்சாம்."

"நான் இன்னும் சொல்லவே இல்லையே! யார் கூப்பிட்டது?"

இராஜமாணிக்கம் குழாயை மூடினார்.

"நேத்தே மேடம் லாரிக்குச் சொல்லிட்டாங்க சார், அவங்களுக்கும் வேலை போனதுலேர்ந்து செவ்வாய், வியாழன் இங்கதான வந்து உக்காந்திருக்காங்க, சாருக்குத் தெரியவே கூடாதுன்னு உங்கள மாதிரியே எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டு."