கோட்டையை நோக்கி வணங்கிய செடி

மழை பெய்தால் மன்னர் பெய்வித்தார் என்றும், பெய்யாவிட்டால் முந்தைய மன்னர் தடுத்துவிட்டுப் போனார் என்றும் சொல்லும் வழக்கமுள்ள வெண்குடை நாட்டில், இலைக்கு ஏழு விரல் கொண்ட ஒரு செடி இருந்தது. கஞ்சாச் செடி. குப்பைமேட்டிலும் வேலியோரத்திலும் அது பாட்டுக்கு முளைக்கும், அது பாட்டுக்குப் பட்டுப்போகும். வலி தாங்காதவர்களுக்கு வைத்தியர்கள் அதன் பூவைப் பாலில் போட்டுக் கொடுப்பார்கள். மற்றபடி அதை யாரும் கண்டுகொண்டதில்லை. அதுவும் யாரையும் கண்டுகொண்டதில்லை.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை அங்கே தேர்தல் நடக்கும். யார் வேண்டுமானாலும் மன்னராகலாம், இருளகற்றியார்தான் ஆவார். ஊரில் மின்சாரம் போகும்போதெல்லாம் மக்கள் அவர் பெயரைத்தான் சொன்னார்கள், கூடவே வேறு சில சொற்களையும்.

ஒருநாள் கோட்டை மைதானத்தில் மன்னர், வறுமை என்பது எதிரிகள் பரப்பிய வதந்தி என்று பேசிக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டான். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பேச்சைக் கேட்டுத்தான் சிரித்தேன் என்று அவன் சொன்னதைக் குழு நம்பும்படியாக இல்லை என்று தள்ளியது. சுய அறிவோடு இருக்கும் எவனும் அந்தப் பேச்சுக்குச் சிரிக்க முடியாது, ஆகவே இவன் கஞ்சா தின்றிருக்கிறான் என்று முடிவாயிற்று. மறுநாளே தடை. நாடு முழுவதும் செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டன. நொச்சியையும் மரவள்ளியையும்கூட விட்டுவைக்கவில்லை. இலைக்கு விரல் இருந்ததுதான் அவை செய்த குற்றம்.

இந்த ஆணையைப் படித்து முடித்ததும் அவையில் முதலில் தலையாட்டியவர் மாசிலாமணி. அவருக்கு உத்தியோகமே அதுதான். அரண்மனைத் தலையாட்டி, இரண்டாம் நிலை. மன்னர் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டார் என்பது மற்றவர்களுக்குத் தெரிவதற்காகவே அவர் முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். நெடுங்காலம் மேலும் கீழுமாக ஆடி அவருடைய கழுத்து கிணற்று ராட்டினம் மாதிரி கிரீச்சிட்டு வலித்தது.

அவர் மனைவி வடிவாம்பாளும் அரசு ஊழியர்தான். மன்னர் ஊர்வலம் போகும்போது கீழே நின்று பல்லக்கு உயரத்துக்குப் பூவை வீசி எறிவது அவள் வேலை. வருடக்கணக்காக வீசியதில் வலது தோள்பட்டை கழன்றதுபோல் ஆகிவிட்டது. படுத்தால் குத்தும், உட்கார்ந்தால் இழுக்கும். வைத்தியர் கொடுத்த பூப்பாலில்தான் அவள் கண்ணயர்ந்துகொண்டிருந்தாள். தடைக்குப் பிறகு தூக்கம் போயிற்று. மாசிலாமணி பார்த்துக்கொண்டேயிருந்தார். தன் தலையசைப்பில்தான் இவள் தூக்கம் போயிற்று என்று அவருக்குத் தெரியும். சொல்லிக்கொள்ளத்தான் தைரியமில்லை.

"நீங்க ஆட்டாட்டி மட்டும் அந்தச் சட்டம் வராமப் போயிருக்குமா?" என்று அவளே ஒருநாள் சொன்னாள்.

"வந்திருக்கும். ஆனா கொஞ்சம் லேட்டா வந்திருக்கும்" என்றார் அவர். வலியோடு அவள் சிரித்தாள்.

மக்கள் வலியில் துடிப்பதைக் கண்டு உருகிய மன்னர் அடுத்த ஆணையை இட்டார். கோட்டைக்குள் அரசே தோட்டம் போடும், அரசே கடை திறந்து விற்கும். குடிமக்களின் நலன் கருதி செடி தீங்கானது. அதே நலன் கருதி பொட்டலம் நல்லது. இரண்டையும் ஒரே அறிவிப்பில் வாசித்தார் மூலிகை நலத்துறை அமைச்சர் நன்னெறிநாதர். மாசிலாமணி இரண்டுக்கும் தனித்தனியாகத் தலையாட்டினார். கடை வாசலில் வெயிலில் வரிசை நின்று, தோள்வலிக்கு மருந்து வாங்கப் போனவர்கள் முழங்கால் வலியோடு திரும்பினார்கள். பொட்டலத்தைப் பிரித்தால் பாதிக்குமேல் காய்ந்த கொய்யா இலை. அதைக் குடித்த வடிவாம்பாளுக்குத் தூக்கம் வரவில்லை; வயிற்றுக்கு மட்டும் நன்றாக இருந்தது.

தேர்தல் வந்தது. இந்தமுறை ஜனங்கள் முகம் கொஞ்சம் வாடியிருப்பதாக ஒற்றர்கள் சொன்னதால், வீட்டுக்கு ஒரு கஞ்சாச் செடியும் அது வளர ஒரு விளக்கும் இலவசம் என்று மன்னர் அறிவித்தார். ஜெயித்தார். தொட்டிகள் வண்டி வண்டியாக வந்து இறங்கின. ஒவ்வொரு தொட்டியிலும் மன்னரின் படம் ஒட்டியிருந்தது. வெயிலில் வைத்தால் திருமுகம் வெளுத்துப்போகும் என்பதால் செடியை வீட்டுக்குள்தான் வளர்க்க வேண்டும். பின்னால் மன்னரின் இன்னொரு படத்தை மாட்ட வேண்டும். செடி அந்தப் படத்தில் உள்ள கிரீடத்தைத் தாண்டக் கூடாது.

மாசிலாமணிக்கு அதுவரை வளர்க்கத் தெரிந்தது மீசை ஒன்றுதான். ஆனாலும் வடிவாம்பாளுக்காகச் செடியை மார்போடு அணைத்துத் தூக்கிவந்தார். அலமாரியைக் காலிசெய்து அதற்குள் வைத்தார். விளக்கின் ஒளி வீணாகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசித்து, விழாக்களில் தனக்குப் போர்த்திய பொன்னாடைகளை எடுத்து அலமாரியின் உட்சுவர் முழுக்க ஆணியடித்துத் தொங்கவிட்டார். சரிகையில் பட்டு வெளிச்சம் தகதகவென்று திரும்பியது. வாழ்நாளில் அந்தப் பொன்னாடைகள் செய்த முதல் வேலை அதுதான்.

முதலில் தண்ணீரை ஊற்றி ஊற்றி இலைகளைத் தொங்கவைத்தார். தொங்குகிறதே, தாகமோ என்று இன்னும் ஊற்றினார். வடிவாம்பாள் வந்து தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, செடிய வளக்குறீங்களா, முதலையா?"

அதற்குப்பிறகு மண் காய்ந்தால்தான் தண்ணீர் என்று பழகிக்கொண்டார். செடி தேறி, விறுவிறுவென்று ஏறி, மன்னரின் மூக்கைத் தாண்டி நெற்றியைத் தொட்டது. நுனியைக் கிள்ளிவிடுங்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவருக்கு மனசு வரவில்லை. வளைத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. வளைவது அவருக்குத் தெரிந்த தொழில்தானே. ஆனால் முதல்நாள் அவசரத்தில் அழுத்த, தண்டு 'டப்'பென்றது. பதறிப்போய் மஞ்சளைக் குழைத்துப் பூசித் துணிக்கட்டுப் போட்டு, பிள்ளை கையை ஒடித்துக்கொண்ட தகப்பன் மாதிரி அலமாரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். செடி பிழைத்துக்கொண்டது. பிறகு பொறுமையைக் கற்றுக்கொண்டார். இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று விரலால் தடவித் தடவிப் படியவைத்து, வாழைநாரால் தொட்டி விளிம்போடு இதமாகக் கட்டினார்.

அப்போதுதான் அந்த அதிசயத்தைப் பார்த்தார். உச்சி தாழ்ந்ததும், இதுவரை அதன் நிழலில் சோம்பிக்கிடந்த பக்கக் கிளைகளெல்லாம் விளக்கை நோக்கி எழுந்து நின்றன. ஒரே உயரம், ஒரே பச்சை. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். இதை வெளியே சொல்லக் கூடாது என்று மட்டும் புரிந்தது.

சில வாரங்களில் கணுக்களில் மொட்டுகள் தெரிந்தன. குட்டிக் குட்டித் திராட்சைக் கொத்துகள் போல. வீட்டில் பாயசம் வைத்தார்கள். மொட்டு விரிந்தது. பிசுபிசுப்பு இல்லை, அந்த மணம் இல்லை. தொட்டதும் மஞ்சள் தூள்தான் பறந்தது. மாசிலாமணி ஒன்பது தும்மல் தும்மினார். வடிவாம்பாள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள்.

"ஏங்க. இது ஆம்பளைங்க."

"எது?"

"செடி. பனையில ஆண்பனை இல்ல? பப்பாளியில இல்ல? அது மாதிரி. இது பூக்கும், தூளக் கொட்டும், அவ்வளவுதான். இதுலேர்ந்து மருந்தும் வராது, மண்ணும் வராது. இத்தன நாளும் நீங்க தாலாட்டுப் பாடுனது ஒரு ஆம்பளைக்கு."

விசாரித்துப் பார்த்ததில் தெருவில் எல்லா வீட்டிலும் ஆண்தான். நாடு முழுவதுமே ஆண்தான். கோட்டைத் தோட்டத்தில் ஆண் செடியைக் கண்டதும் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன் தூள் பட்டுப் பெண் பூவெல்லாம் விதையாகிச் சாரமற்றுப் போகும். அப்படிப் பிடுங்கி எறியும் செடிகளைத்தான் நன்னெறிநாதர் தொட்டியில் வைத்துத் தானம் செய்திருந்தார். செலவு மிச்சம், புகழ் லாபம், கடைவாசல் வரிசையும் குறையாது.

வடிவாம்பாள் தோளைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "சரி, விடுங்க. தூக்கம் நமக்குக் கொடுத்துவைக்கல" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "ஆண்பனைன்னா ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னும் சொல்ல முடியாது. காத்துவாக்குல ஒண்ணு நின்னாத்தான் பெண்பனை காய்க்கும். ஆனா இங்க பெண்ணு எங்க இருக்கு? எல்லாம் கோட்டைக்குள்ளல்ல இருக்கு" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

அந்த வார்த்தை மாசிலாமணிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

செடி மருந்துப் பூ விடவில்லை என்ற முறையீடுகள் அரண்மனைக்குக் குவிந்தன. செடிக்காவல் அதிகாரி உக்கிரமூர்த்தி வீடு வீடாகச் சோதனைக்கு வந்தார். மாசிலாமணியின் அலமாரியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மற்ற வீடுகளில் செடிகள் விறைத்துக்கொண்டு நின்றன. இங்கே செடி தலையைக் குனிந்து, பொன்னாடைகளுக்கு நடுவில், மன்னரின் படத்தின் முன் மண்டியிட்டதுபோல் இருந்தது.

"யோவ், இது கும்பிடுதுய்யா" என்றார் உக்கிரமூர்த்தி. செருப்பைக் கழற்றிவிட்டார்.

மறுநாள் செடியோடு மாசிலாமணியும் அவையில் நிறுத்தப்பட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக மன்னர் அவரிடம் கேள்வி கேட்டார்.

"செடி எம்மை வணங்குவது எங்ஙனம்?"

"பழக்குனா வணங்கும் மன்னா. மெதுமெதுவா அழுத்தணும். ஒரேயடியா வளைச்சா ஒடிஞ்சுரும். இன்னிக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம்னு போனா, வளையிறது அதுக்கே தெரியாது."

மன்னர் அமைச்சர் பக்கம் திரும்பினார். "கேட்டீரா? இத்தனை ஆண்டுகளாக இதைத்தானே நாம் செய்துவருகிறோம்."

நன்னெறிநாதர் எழுந்து, மக்களின் செடிகள் மருந்துப் பூ விடாததற்குக் காரணம் பக்திக் குறைவே என்று ஐயம் திரிபற நிறுவினார். ஆகவே இனி எல்லாச் செடிகளும் இதுபோல் வளைக்கப்பட வேண்டும். காலையில் கோட்டை முரசு ஒலித்ததும் வீடுகளில் சன்னல்களை முழுக்கத் திறந்து, தொட்டியைச் சன்னலில் வைத்து, கோட்டையை நோக்கிச் செடியை மூன்றுமுறை நன்றாகக் குலுக்கி வணங்கவைக்க வேண்டும்.

"சரிதானே?" என்றார் மன்னர், வழக்கம்போல் யாரையும் பார்க்காமல்.

அவை மாசிலாமணியின் தலைக்காகக் காத்திருந்தது. அவருக்குக் காற்று ஞாபகம் வந்தது. இந்தப் பருவத்தில் அது ஊரிலிருந்து கோட்டைப் பக்கம்தான் வீசும். சுவரில் சாய்ந்திருந்த வடிவாம்பாளின் முகம் ஞாபகம் வந்தது. இத்தனை காலமும் கூலிக்கு ஆடிய தலை, அன்றைக்கு மனதார ஆடியது. ஒருமுறை போதும் என்ற இடத்தில் மூன்றுமுறை ஆடியது.

முரசு ஒலித்தது. சன்னல்கள் திறந்தன. நாடு முழுவதும் ஆண் செடிகள் தலைகுனிந்து குலுங்க, மஞ்சள் புகை ஒன்று தெருக்களின் மேல் எழும்பி, காற்றோடு சேர்ந்து, மதிலைத் தாண்டி அரசுத் தோட்டத்தில் பைய இறங்கியது. நாட்டின் பக்தி கண்ணுக்கே தெரிகிறது என்று மாடத்திலிருந்த மன்னர் மெய்சிலிர்த்தார், பின்பு தும்மினார். தோட்டத்துக்குக் கண்காணிப்பாளர் அமைச்சரின் மைத்துனர். அவருக்குத் தெரிந்த தாவரம் பூங்கொத்து ஒன்றே. தோட்டக் கூலிகளுக்கு விஷயம் தெரியும். ஆனால் அவர்களும் கடைவாசலில் வரிசை நிற்பவர்கள்தான். மூச்சு விடவில்லை.

அந்த அறுவடையில் பூவைவிட விதை அதிகம். கலப்படத்துக்குக் கொய்யா இலைகூடத் தேவைப்படவில்லை. பொட்டலத்தைக் குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் கேட்டது. மக்கள் விதையைப் பொறுக்கிக் கொல்லையிலும் உடைந்த குடத்திலும் அலமாரியிலும் போட்டார்கள். முளைத்தவற்றில் பாதி ஆண், பாதி பெண். அதைப் பிரித்தறிய வடிவாம்பாள் தெருவுக்கே கற்றுக்கொடுத்தாள். உச்சியைத் தாழ்த்தினால் எல்லாக் கிளையும் எழும் என்பதை மாசிலாமணி காட்டிக்கொடுத்தார், வாயால் எதுவும் சொல்லாமல். கடைவாசல் வரிசை கரைந்தது. வடிவாம்பாள் ஒரு பகல் முழுக்க, தெருவில் தேர் போனதுகூடத் தெரியாமல் தூங்கினாள். மாசிலாமணி ஈ விரட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நடந்ததை நடந்ததாக ஒப்புக்கொள்ளும் வழக்கம் வெண்குடை நாட்டில் இல்லை. கோட்டை மைதானத்தில் மாபெரும் கூட்டம் கூட்டப்பட்டது. வீட்டுக்கு வீடு விதை போய்ச்சேர வேண்டும் என்பதற்காக மன்னர் பல ஆண்டுகளுக்கு முன்பே தீட்டிய திட்டம் இன்று நிறைவேறியது என்று நன்னெறிநாதர் முழங்கினார். ஆண் செடிகளைத் தேடித் தேடிக் கொடுத்தது அதனால்தான் என்றார்.

பூவீசும் வரிசையில் நின்றிருந்த வடிவாம்பாள் கையில் பூவோடு சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்றவளும் சிரித்தாள். அதற்குப் பக்கத்து வரிசையும்.

உக்கிரமூர்த்தி பாய்ந்துவந்து அவள் வாயை முகர்ந்து பார்த்தார். காலையில் குடித்த காப்பி வாசனைதான் வந்தது. நேரே மேடையோரம் வந்து மாசிலாமணியைப் பிடித்தார்.

"ஒம் பொஞ்சாதி என்னத்தய்யா தின்னா? உண்மையச் சொல்லு. எதையாவது தின்னுட்டுத்தானே சிரிக்கிறா?"

மேடையிலிருந்த எல்லாரும், மன்னர் உட்பட, பழக்கதோஷத்தில் அந்தத் தலையையே பார்த்தார்கள். மைதானம் முழுக்கச் சிரிப்பு பரவிக்கொண்டிருந்தது. மாசிலாமணி கூட்டத்துக்கு நடுவில் வடிவாம்பாளைப் பார்த்தார். பிறகு தலையை மெதுவாக இடதுபக்கம் திருப்பினார்; வலதுபக்கம் திருப்பினார்; மறுபடி இடதுபக்கம்.

அந்தப் பக்கமாக ஆட்டினால் கழுத்து வலிக்கவே இல்லை.