ஒரு லட்சம் குடும்பத்துக்கு இடம்

‘இரிக்கட்டுமே’க்காரர் என்றோர் இனம் உண்டு. நாலு பேர் வீட்டுக்கு நாற்பது பேருக்கான பானை வாங்கும், வாசலுக்குள் நுழையாத அலுமாரிக்காக நிலையைக் கழற்றும், ஏன் என்றால் ஒரே பதில்தான்: “இரிக்கட்டுமே, தேவப்படும்.”

மருதமுனை மிஹ்லார் சேர் அந்த இனத்தில் மூத்தவர். கணினி நிரல் எழுதும் சி மொழி படிப்பிப்பவர். பள்ளிவாசல் கந்தூரிச் சோற்றுக்கான குடும்பப் பட்டியலைக் கணினியில் ஓட்டிக் காட்டுவதாக அவராகவே வாயை விட்டிருந்தார். இன்று ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்காயர்மார் பார்க்க வருகிறார்கள். ஓடாவிட்டால், பாங்கு சொல்லும் மோதினார் சீனிமுகம்மது குடும்பங்களை எழுதி வைத்திருக்கும் பழைய கொப்பிதான். கொப்பியிடம் தோற்றவர் வகுப்பில் எந்த முகத்தோடு நிற்பது?

இருப்பதோ தொள்ளாயிரம் குடும்பம். நினைவகத்தில் இடம் பிடிக்க சேர் போட்ட அரேயோ ஒரு லட்சம் குடும்பத்துக்கு. குடும்பத்துக்கு நூறு பேர். பேருக்கு முந்நூறு எழுத்து. ஊர் பெருகாதா? இவ்வளவு பெரிய அரே ஆகாது என்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் கையை விரித்தது.

குறைத்தாரா? அதுதான் இல்லை. அரேயை மூன்றாக வெட்டினார்; கம்பைலர் விட்டது, அடுத்த படியில், மாற்றிய துண்டுகளை ஒன்றாய்க் கோக்கும் லிங்கர் மறித்தது. நிரல் ஓடத் தொடங்கிய பிறகு இடத்தைக் கேட்டு வாங்கும் வழியில் கேட்டார். இடம் கிடைத்தது, மடிக்கணினி உறைந்தது.

“புதுக் கொம்பியூட்டர்தான் வாங்கணும்.”

சேர்ட்டுக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்த மனைவி பஸ்மினா நிமிரவில்லை. “இஞ்சேருங்க, மோதினார் கொப்பி முழுக்கயும் மனப்பாடம் பண்ணிட்டா சோறு குடுக்காரு? ஒரு வீட்டப் பாப்பாரு, குடுப்பாரு, மத்த வீட்டப் பாப்பாரு.”

“அது கொப்பி!”

“ஓம். அது இன்னும் உறையல்லியே.”

ஐந்து நிமிடம் கோபித்தார். பிறகு பட்டியலைக் கோப்பிலேயே விட்டு, ஒரு நேரத்தில் ஒரு குடும்பத்தை மட்டும் நினைவகத்துக்குள் கூப்பிட்டார். ஒரே ஒரு குடும்பத்துக்குத்தான் இடம். ஓடியது.

“மாஷா அல்லாஹ்!” என்றார்கள் மரைக்காயர்மார்.

“சின்ன இடத்துக்குள்ள வேல முடிக்கதுதான் கெட்டித்தனம்,” என்றார் சேர், பஸ்மினா பக்கத்தில் இல்லாத தைரியத்தில்.

கந்தூரியன்று வரிசையில் சேர். கையில் குளிக்கிற வாளி.

“என்ன சேர், நாலு பேருக்கு இதா?” என்றார் மோதினார்.

“இரிக்கட்டுமே.”

அவருடைய நிரலே அளவு சொன்னது: நாலு பேர், நாலு அகப்பை. வாளியின் அடி கூட மறையவில்லை.

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்று நீங்களும் சிரிக்கிறீர்களே, சிரியுங்கள். அதற்கு முன் அந்த அண்டாவைக் கொஞ்சம் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளுங்கள்.