துண்டு விரித்த நாற்காலி

நாற்காலியில் துண்டு கிடந்தது.

நோலீன் ஒரு கையில் டீக் கோப்பையும் மறு கையில் ஜாம் தடவிய ஸ்கோன் ரொட்டியுமாக நின்று அதையே முறைத்துப் பார்த்தாள். கப்பலில் எல்லாருக்கும் கொடுக்கிற அதே நீலக்கோடு போட்ட துண்டுதான். அதன் மேல் கப்பல் நூலகத்திலிருந்து எடுத்த ஒரு தடிப் புத்தகம், ஆர்க்கிட் வளர்ப்பது எப்படி என்று. ஆளைக் காணோம்.

"மெர்வ், இங்க வந்து இந்த அநியாயத்தைப் பாரு. என் நாற்காலி!"

அவள் கணவர் மெர்வ் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "உன் நாற்காலியா? நேத்து பத்து நிமிஷம் உக்காந்தே. அவ்வளவுதானே?"

"பத்து நிமிஷம் போதாதா? டான்ஸ் ஹால்ல உன்னை அஞ்சு நிமிஷம்தான் பார்த்தேன். கல்யாணம் பண்ணிக்கலையா?"

மெர்வ் அவள் கையிலிருந்த ரொட்டியில் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

அது கப்பலின் பின்கோடியில், காற்று அடிக்காத ஒரு மூலையில் போட்டிருந்த சாய்வு நாற்காலி. காலையில் நிழல் விழும். பாட்டுச் சத்தம் வராது. எதிரே கடலும், கப்பல் கீறிவிட்டுப் போகிற வெள்ளைக் கோடும் மட்டும்தான். பிரிஸ்பேனில் கப்பல் கிளம்பிய அன்று மாலை அதில் தற்செயலாக உட்கார்ந்தவள், 'இதுக்குத்தான் நான் பொறந்தேன்' என்று நினைத்துக்கொண்டாள். கிம்ப்பிக்குப் பக்கத்துப் பால் பண்ணையில் ஐம்பது வருஷம் வாழ்ந்தவள் அவள். விடியற்காலையில் அவள் பார்த்த ஒரே காட்சி கறவைக் கொட்டகையில் வரிசையாக நிற்கிற மாடுகளின் பின்புறம்.

அந்த மாடுகளை விற்றுவிடலாமா என்ற பேச்சு வீட்டில் இரண்டு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தது. மெர்வ் பிடிகொடுக்கவில்லை. கடைசியில், "சரி, நீ சொல்ற கப்பலுக்குப் போயிட்டு வருவோம். வேலையில்லாம இருக்கிறது எப்படி இருக்குன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார். ஆகவே இந்தப் பயணம் நோலீனுக்கு வெறும் உல்லாசப் பயணம் இல்லை. மெர்வுக்குப் பிடித்துப்போனால் மீதி வாழ்க்கை அவளுடையது. பிடிக்காவிட்டால் மீதி வாழ்க்கையும் மாடுகளுடையது.

இதுவரை நிலவரம் அவ்வளவு சாதகமாக இல்லை. படுக்கையின் மேல் துண்டையே யானையாக மடித்து வைத்திருந்ததை இருவரும் ரசித்தார்கள். சாப்பாடு மலைபோல் குவிந்திருந்தது, அதிலும் குறையில்லை. ஆனால் அறைக்கு ஜன்னல் கிடையாது. எதற்கெடுத்தாலும் வரிசை. டீக்குக் கொடுத்த பாலோ, கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் டப்பாவில், வருஷக்கணக்கில் கெடாத சரக்கு. மெர்வ் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, இழவு வீட்டுக்கு வந்தவர் போலத் தலையை ஆட்டினார்.

"இதைக் கறந்த மாடு செத்தே பத்து வருஷம் இருக்கும்."

அதோடு, கறவைக்கு எழுந்த பழக்கத்தில் இன்று நாலு மணிக்கே கண்விழித்து, இருட்டில் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். 'மாடுகளை நினைத்துக்கொண்டு தனியாக நிற்கிறாரோ' என்று நோலீன் அதற்குப் பிறகு கண்ணை மூடவே இல்லை.

இப்போது இந்தத் துண்டு வேறு.

"நேத்து ராத்திரி சாப்பாட்டு மேஜையில என்ன சொன்னேன்?" என்றாள் நோலீன். "துண்டு போட்டு இடம் பிடிக்கிறவனை அடுத்த தீவுல இறக்கி விட்டுட்டுப் போயிடணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. பக்கத்து மேஜைக்கெல்லாம் கேட்டுது."

"நம்ம ஊர் விவசாயக் கண்காட்சியிலகூட எழுந்தவன் இடம் போனது போனதுதான். அதுதான் நியாயம். துண்டு போட்டுட்டுத் தூங்கப் போறவன் மனுஷனே இல்லை."

மெர்வ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நீ போய் இன்னொரு டீ வாங்கிட்டு வாயேன். அதுக்குள்ள ஆள் வந்து எடுத்துடுவான்."

"நான் எங்கேயும் போகலை. எவன் வர்றான்னு அந்த மூஞ்சியைப் பார்க்கணும்."

எதிரே, புகைபிடிக்கிறவர்களின் மூலைக்குப் பக்கத்தில், கால் ஆடுகிற ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தாள். மெர்வ் இரண்டு மூன்று தடவை வந்து, "நடன வகுப்பு ஆரம்பிச்சுட்டாங்க, போலாமா?", "பிங்கோ விளையாட்டு இருக்காம், போலாமா?" என்று கூப்பிட்டார். மனிதருக்குப் பொழுது போகவில்லை, பாவம் என்று நினைத்தாள். மதியச் சாப்பாட்டு மணி வரைக்கும் யாரும் வரவில்லை. அவள் தலைமுடி பூராவும் சிகரெட் நாற்றம்தான் மிச்சம்.

மறுநாளும் அதே துண்டு, அதே ஆர்க்கிட் புத்தகம்.

இந்தத் தடவை நோலீன் சட்டப்படி போனாள். அரை மணிக்கு மேல் ஆள் இல்லாத நாற்காலியைக் கப்பல் ஊழியர்கள் காலி செய்யலாம் என்று பலகை எழுதி வைத்திருந்தார்கள். தளத்தைப் பார்த்துக்கொள்கிற பாலித் தீவு இளைஞன் வாயனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இந்தத் துண்டை எடுக்கணும்."

"எடுத்துடலாம் மேடம். ஆனா நான் பார்த்ததிலேர்ந்துதான் அரை மணி. நீங்க ஒரு காபி சாப்பிட்டுட்டு வாங்க, காலியா இருக்கும்."

காபி சாப்பிடப் போன இடத்தில் பேஸ்ட்ரிகள் வகைவகையாக இருந்தன. ஒன்றில் ஆரம்பித்தது கொஞ்சம் நீண்டுவிட்டது. திரும்பி வந்தபோது துண்டு இல்லை. நாற்காலி காலியாகவும் இல்லை. தங்கக் கயிறு வைத்த வெள்ளைப் படகோட்டித் தொப்பியோடு, தொந்தியின் மேல் கைகளைக் கோத்துக்கொண்டு, ஒரு பெரிய மனிதர் சாய்ந்திருந்தார்.

'ஓ! ஆசாமி இவன்தானா!'

"சுகமா இருக்கா?" என்றாள் நோலீன், பல்லைக் கடித்தபடி.

"பிரமாதமா இருக்கும்மா. இந்தப் பக்கமா வந்தேன், காலியா இருந்துது. என் பேரு ரெக்ஸ், ஊரு கோல்டு கோஸ்ட்."

"காலியா இருந்துதா?"

"ஆமா. அதிர்ஷ்டம்!"

இந்தப் புளுகைக் கேட்டு நோலீனுக்குக் காதில் புகை வந்தது. மத்தியானம் மெர்விடம் கொட்டித் தீர்த்தாள். அவரோ அவளைவிட அதிகமாகக் கொதித்தார்.

"தொப்பிக்காரனா? அவன் எப்படி அதுல உக்காந்தான்? துண்டை யாரு எடுத்தாங்க?"

"நான்தான் வாயனை எடுக்கச் சொன்னேன். இவன் எங்கேயோ ஒளிஞ்சு பார்த்துட்டு ஓடி வந்து உக்காந்துட்டான்."

"நீயா எடுக்கச் சொன்னே?" மெர்வ் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்தினார். "நீ ஏன் கண்ணு இதுல அலட்டிக்கிறே? விடு. தானா சரியாகும்."

அவருக்கே கப்பல் பிடிக்கவில்லை, இருந்தும் தனக்காகக் கோபப்படுகிறாரே என்று நோலீனுக்கு நெஞ்சு இளகியது. இதற்காகவாவது அந்த நாற்காலியைப் பிடித்து, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இப்படித்தான் இருக்கும் நம் மிச்ச காலம் என்று காட்டியே தீருவது என்று முடிவு கட்டினாள்.

நூமியா துறைமுகத்தில் ஒரு நாள் இறங்கிச் சந்தையைச் சுற்றினார்கள். அங்கே பால் நன்றாக இருந்தது என்பதைத் தவிர மெர்வ் வேறு எதுவும் சொல்லவில்லை.

கப்பல் மறுபடி கடலுக்கு வந்த முதல் நாள், நோலீன் விடியுமுன் எழுந்தாள். மெர்வின் படுக்கை வழக்கம்போலக் காலி. இரவு உடுப்பின் மேலேயே ஒரு கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு பின்தளத்துக்கு ஓடினாள். அந்த நேரத்திலும் துண்டு கிடந்தது! கோல்டு கோஸ்ட்டில் மனிதர்கள் தூங்குவதே இல்லையா?

சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. துண்டைச் சுருட்டி அழுக்குத் துண்டுக் கூடையில் போட்டாள். ஆர்க்கிட் புத்தகத்தைக் கீழே நகர்த்தினாள். மெர்வைத் தேடி அழைத்துவர வேண்டும். ஆனால் அவள் நகர்ந்த மறுநிமிஷம் தொப்பிக்காரன் வந்துவிடுவானே?

அடுக்கி வைத்திருந்த புதுத் துண்டுகளில் ஒன்றை எடுத்தாள். கை கொஞ்சம் கூசியது. 'இது இடம் பிடிக்கிறதில்லை. தற்காப்பு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விரித்தாள். யாருடையது என்று தெரியாமலிருக்க, பழைய மீன்பிடிப் பத்திரிகை ஒன்றை அதன் மேல் வைத்தாள்.

அறையில் மெர்வ் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இல்லை. அவரைத் தேடிக் களைத்துத் திரும்பியபோது, மீன்பிடிப் பத்திரிகை கூடைக்குள் கிடந்தது. நாற்காலியில் வேறொரு துண்டு. இந்த முறை நான்கு மூலையும் நைலான் கயிற்றால் நாற்காலிக் கால்களோடு இழுத்துக் கட்டியிருந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நகம்தான் உடைந்தது. பண்ணையில் எத்தனையோ முடிச்சு பார்த்தவள், இப்படி ஒரு முடிச்சைப் பார்த்து உள்ளூர மெச்சிக்கொண்டாள்.

'படகோட்டித் தொப்பி. படகுக்காரன் முடிச்சு. இதைவிட என்ன சாட்சி வேணும்?'

படிக்கட்டில் மெர்வ் எதிரே வந்தார். முகம் சிவந்து மூச்சு வாங்கியது.

"எங்க போயிருந்தே? கப்பல் முழுக்கத் தேடறேன்."

"சும்மா... கடலைப் பார்த்துட்டு." அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

நோலீனுக்கு அழுகை வந்துவிட்டது. நாலு மணிக்கு எழுந்து கடலைப் பார்க்கிறவன் சந்தோஷமாக இருக்கிறவனா? ஐம்பது வருஷப் பழக்கத்தை ஒரு கப்பல் டிக்கெட்டால் பிடுங்க நினைத்தது தன் தப்புதான் என்று அந்தப் படிக்கட்டிலேயே அவளுக்குத் தோன்றிவிட்டது.

"மெர்வ், ஊருக்குப் போனதும் மாடுகளை விக்க வேண்டாம். நான் இனிமே கேக்க மாட்டேன்."

மெர்வ் திடுக்கிட்டுப் பார்த்தார். "ஏன் கண்ணு? கப்பல் உனக்குப் பிடிக்கலையா?"

"பிடிச்சுது. பிடிச்சு என்ன?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒரு கூட்டம் யோகா வகுப்புக்குப் பாய்களோடு இறங்கி வந்து இருவரையும் பிரித்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

கடைசி நாள் காலையில், தையல் பெட்டியிலிருந்த சின்னக் கத்தரிக்கோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நோலீன் பின்தளத்துக்குப் போனாள். மாடுகள் போகப்போவதில்லை, சரி. ஆனால் ஒரு தடவையாவது அந்த நாற்காலியில் உட்காராமல் பிரிஸ்பேனில் இறங்குவதில்லை.

துண்டு கட்டியபடி இருந்தது. மூன்று முடிச்சுகளை வெட்டிவிட்டாள். நாலாவதைப் பிடித்து அறுத்துக்கொண்டிருந்தபோது பின்னால், "அடடே, காலை வணக்கம்மா!" என்ற குரல் கேட்டது. ரெக்ஸ். தொப்பியோடு. பக்கத்தில் அவர் மனைவி, நடைப்பயிற்சிக் காலணி போட்ட ஒல்லியான ஒரு பெண்மணி.

நோலீன் கத்தரிக்கோலோடு நிமிர்ந்தாள். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது மடை திறந்தது.

"வெட்கமா இல்லை உங்களுக்கு? வயசானவங்க ஒருநாள் உக்காரக் கூடாதா? பயணம் முழுக்கத் துண்டைப் போட்டு, புத்தகத்தை வெச்சு, கயித்தைக் கட்டி... இது என்ன உங்க அப்பன் வீட்டு நாற்காலியா?"

நீச்சல் உடையில் போனவர்கள் நின்றார்கள். கையில் தட்டோடு வந்தவர்கள் தட்டோடு நின்றார்கள். வாயன் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"நானா?" ரெக்ஸ் முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கு ரூம்ல பால்கனியே இருக்கும்மா! நான் எதுக்கு இங்க வந்து துண்டு போடணும்?"

"இந்த முடிச்சைப் பாருங்க! படகுக்காரனைத் தவிர யாருக்கு வரும் இது?"

"படகா? என்கிட்ட ஏதும்மா படகு? இந்தத் தொப்பியைக் கீழ்த்தளத்துக் கடையில வாங்கினேன்! என் ஷூ லேஸையே கோராலிதான் கட்டி விடறா. வேணும்னா கேட்டுப் பாருங்க!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நோலீன் அசையவில்லை. கடைசிக் கயிற்றை வெட்டி, துண்டை உருவி, கொடி போலத் தூக்கிப் பிடித்தாள். "அப்போ இது யாருது? சொல்லுங்க! யாருது?"

கோராலி முன்னால் வந்து, அவள் கையிலிருந்த கத்தரிக்கோலை மெதுவாக வாங்கிக் கொண்டாள். நல்ல சுபாவம் உள்ளவள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"எனக்குத் தெரியும்மா. நான் தினம் விடியறதுக்கு முன்னாடி இங்க நடக்க வருவேன். பால்மாடு வெச்சிருக்கிற ஒரு பெரியவரோட துண்டு இது. துண்டு போடறது அவர் வீட்டுக்காரிக்கு ஆகாதாம். அதனால அவ வர்ற நேரத்துக்கு எடுத்துட்டு, தானா காலியா இருந்த மாதிரி உக்கார வெக்கணும்னு நாலு மணிக்கே போட்டு வெச்சுட்டு, அவ எழுந்துட்டாளான்னு பார்க்கப் போறாரு."

நோலீன் தூக்கிப் பிடித்திருந்த கை மெல்ல இறங்கியது.

"அவ அதுல நிம்மதியா உக்காந்ததும், 'மாட்டையெல்லாம் வித்துடலாம் கண்ணு'ன்னு சொல்லணும்னு இருக்காராம், பாவம்," என்றாள் கோராலி. "ஆனா எங்க? எவளோ ஒரு ராட்சசி தினமும் அவர் திரும்பறதுக்குள்ள வந்து துண்டைத் தூக்கிப் போட்டுடறாளாமே!"