மூட்டுக்கு மூன்று கார்

திருச்சி விமான நிலைய வாசலில் நவநீதன் காத்து நின்றான். கையிலிருந்த வரவேற்பு அட்டையில் பெயர் எழுத வேண்டிய இடம் காலி.

மருத்துவச் சுற்றுலா ஒத்துழைப்புக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் அவன். சேர்ந்து பத்து நாள்தான். மலேசியாவிலிருந்து மூட்டு ஆபரேஷனுக்கு வரும் முதல் நோயாளியைக் கோட்டைவிட்டால் வேலை காலி என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் குழுவின் ஒத்துழைப்பு இருக்கிறதே! நோயாளியின் பெயர் ஆஸ்பத்திரியிடம், போன் நம்பர் ஹோட்டலிடம், விமான விவரம் டிராவல்ஸிடம். அடுத்தவன் ஆளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவானோ என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மூன்று இடத்து ஆட்களும் ஆளுக்கொரு காரோடு அவன் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் வந்தார். கூடவே மனைவி.

"பெரியவரே, மூட்டுதானுங்களே?"

"ஆமாப்பா, மூட்டுதான்."

அப்பாடா! நவநீதன் மாலையைப் போட்டான். மேலே 'மூட்டு மன்னர் டாக்டர் கலையரசன்' என்று பேனர் சிரித்தது. அதைப் பார்த்துப் பெரியவரும் சிரித்தார்.

"எதுக்குப்பா இவ்வளவு தடபுடல்?"

"நேரா அட்மிஷன்தான்" என்றாள் ஆஸ்பத்திரி அனுசுயா. பெயரைச் சரிபார்த்தால் மற்ற இருவர் காதிலும் விழுந்துவிடுமே என்று கேட்காமலே விட்டாள்.

"அதெப்படிங்க? முதல்ல எங்க ரூம்ல குளிச்சுச் சாப்பிடணும்" என்றான் ஹோட்டல் ஜைத்.

"முதல்ல ஸ்ரீரங்கம். தரிசன டிக்கெட் போட்டாச்சு" என்றார் டிராவல்ஸ் ரெங்கராஜ்.

"மூட்டு போன ஆளை அவ்வளவு பெரிய கோயில்ல நடக்க விடுவீங்களா?"

"நடந்து தேஞ்சாதானே மேடம் உங்களுக்கு வியாபாரம்!"

நவநீதன் குறுக்கே விழுந்து சமாதானம் செய்தான். பெரியவர் ஆஸ்பத்திரிக்கு, பெட்டி ஹோட்டலுக்கு, அம்மா ஸ்ரீரங்கத்துக்கு. எல்லாருக்கும் ஆளுக்கொரு பங்கு. கோயில் என்றதும் அம்மா சந்தோஷமாக ஏறிக்கொண்டார். இரண்டு கார்கள் பறந்தன.

"அடப்பாவிங்களா, மாத்திரை பெட்டியில இருக்கு! பெட்டிச் சாவி அவகிட்ட இருக்கு!" என்று பெரியவர் கத்தினார்.

அப்போது கைத்தடி ஊன்றிக்கொண்டு ஒருவர் நொண்டி நொண்டி வந்தார்.

"ஏங்க, ஒரு மணி நேரமா நிக்கிறேன். மூட்டு ஆபரேஷனுக்கு மலேசியாவுலேருந்து வந்த ஆளை யாரும் கூப்பிட வரலையா?"

அனுசுயாவுக்கு முகம் வெளுத்தது. "சிவசங்கர் சாரா?"

"ஆமாம்மா."

நவநீதன் பெரியவர் கழுத்து மாலையைக் கழற்றி அவசரமாக இவர் கழுத்தில் போட்டான். சிவசங்கர் அதைக் கையோடு எடுத்துவிட்டார்.

"பெட்டிக்கே இந்தக் கதின்னா என் மூட்டு என்ன ஆகும்? நான் அடுத்த ஃபிளைட்ல திரும்பிப் போறேன்."

"அய்யோ சார், டாக்டர் தங்கமானவரு!" என்றான் நவநீதன். "என் பேச்சை நம்பலைன்னா இந்தப் பெரியவரைக் கேளுங்க. அய்யா, உங்களுக்கு எந்த ஊரு?"

"லால்குடிப்பா. பேரு மருதை."

"பாத்தீங்களா, உள்ளூர்க்காரரு! அய்யா, நீங்களே சொல்லுங்க, டாக்டர் கலையரசன் எப்படி?"

மருதை பேனரைப் பெருமையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"என் மவன்தாம்ப்பா அவன். 'அப்பா, எங்க ஆஸ்பத்திரி மட்டும் உங்களுக்கு வேணாம்'னு அவன்தான் என்னைய மலேசியாவுக்கு அனுப்பி மூட்டு ஆபரேஷன் பண்ண வச்சான்."